கடலோரத்தில் ஒரு மண் வீடு

இங்கிலாந்தில் பழைய வீடு ஒன்றுக்குள் நுழைவதற்கு ஒரு கிரமம் இருக்கிறது. முதலில் தலையைக் குனிய வேண்டும். பிறகுதான் காலை எடுத்து வைக்க வேண்டும். நான் காலை முதலில் வைத்துவிட்டேன். 'ணங்' என்று ஒரு சத்தம். கண்ணுக்குள் பத்துப் பன்னிரண்டு நட்சத்திரங்கள் தெரிந்தன.

"ஐயையோ! நிலைக்கு ஒன்றும் ஆகவில்லையே?" என்று பின்னாலிருந்து பதறினாள் என் மனைவி.

அவளைக் குற்றம் சொல்வதற்கில்லை. வழி நெடுக எங்கள் பையன், "ரொம்பப் பழைய வீடு அம்மா, ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்" என்று அத்தனை தடவை சொல்லியிருந்தான். ஆகவே, வாசகர்களே, நீங்கள் கார்ன்வால் பக்கம் போய் இப்படிப்பட்ட வீட்டில் தங்க நேர்ந்தால், இந்தக் கட்டுரையில் வேறு எது மறந்துபோனாலும் முதல் பாராவை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பையன் லண்டனில் உத்தியோகம் பார்க்கிறான். அவனிடம் நாங்கள் போனது அது மூன்றாவது தடவை. முதல் இரண்டு தடவையும் அரண்மனை, கோட்டை, பொருட்காட்சி சாலை என்று நடத்தியே எங்களை ஓய்த்துவிட்டான். இந்தத் தடவை விமானத்தை விட்டு இறங்கியதுமே என் மனைவி ஒரு விண்ணப்பம் போட்டாள்: "நடக்கிற ஊர் வேண்டாமடா. உட்காருகிற ஊராகப் பார்."

மே மாதக் கடைசியில் அங்கே பள்ளிக்கூடங்களுக்கு ஒரு வாரம் விடுமுறை. பையன், மருமகள், பன்னிரண்டு வயதுப் பேத்தி, எட்டு வயதுப் பேரன், நாங்கள் இருவர் ஆக ஆறு பேரும், இரண்டு தூக்குத் தயிர் சாதமுமாகப் புறப்பட்டோம்.

இங்கிலாந்தின் படத்தைப் பார்த்தால், தென்மேற்கு மூலையில் ஒரு கால் அட்லாண்டிக் சமுத்திரத்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். அந்தக் கால்தான் கார்ன்வால். அதன் வட கரையில், டெவன் ஜில்லாவின் எல்லையை ஒட்டினாற் போல் 'கூம்' என்று ஒரு குக்கிராமம். கூம் என்றால் அந்தப் பக்கத்துப் பேச்சில் பள்ளத்தாக்கு என்று அர்த்தம். லண்டனிலிருந்து காரில் ஐந்து மணி நேரத்தில் போய்விடலாம் என்றான் பையன். நாங்கள் எட்டு மணி நேரத்தில் போனோம். அதில் கடைசி அரை மணி நேரத்தை நான் ஆயுளுக்கும் மறக்க மாட்டேன்.

பெரிய சாலையை விட்டு இறங்கியதும் வண்டி ஒரு சந்துக்குள் நுழைந்தது. இரு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் மண் கரை, கரை மேல் புதர், புதரெல்லாம் பூ. நடுவில் சரியாக ஒரு கார் போக இடம். எதிரே ஒரு டிராக்டர் வந்தது. இரண்டில் ஒன்று பின்னால் போயாக வேண்டும். டிராக்டர்க்காரர் சாவகாசமாகப் புகைக் குழாயைப் பற்ற வைத்தார். எங்கள் பையன் கால் மைல் தூரம் பின்னாலேயே ஓட்டினான். அந்தக் கால் மைலில் என் மனைவி சொன்ன ஸ்லோகங்களின் எண்ணிக்கை எனக்குத் தெரியாது.

அப்புறம் ஒரு இறக்கம். இறக்கத்தின் அடியில் ஓடை ஒன்று சாலையின் குறுக்கே ஓடியது. பாலம் கட்டாமல், வண்டி தண்ணீரிலேயே இறங்கி ஏறும்படி விட்டிருக்கிறார்கள். ஓடையைத் தாண்டினால் மரக் கூட்டத்துக்கு நடுவே ஏழெட்டு வீடுகள். வெள்ளைச் சுவர், புருவம் வரைக்கும் இழுத்துவிட்ட தொப்பி மாதிரிக் கூரை. அதுதான் ஊர். கடை கிடையாது, தபாலாபீஸ் கிடையாது. ஓடையைப் பிடித்துக்கொண்டு அரை மைல் போனால் டக்பூல் என்ற சின்னக் கடற்கரை. அவ்வளவுதான்.

இப்படிப்பட்ட வீட்டில் தங்க யார் இடம் கொடுக்கிறார்கள் என்று கேட்பீர்கள். அதற்கென்றே லேண்ட்மார்க் டிரஸ்ட் என்று ஒரு ஸ்தாபனம் இருக்கிறது. 1965-ல் ஸர் ஜான் ஸ்மித் என்பவரும் அவருடைய மனைவியும் சேர்ந்து ஆரம்பித்தது. அரண்மனைகளையும் பெரிய மாளிகைகளையும் காப்பாற்ற வேறு மனிதர்கள் இருக்கிறார்கள். அநாதையாக நிற்கிற சின்னக் கட்டிடங்களைக் கவனிக்க யாருமில்லையே என்பது அவர்கள் கவலை. ஆகவே பாழடைந்த கோபுரம், ஆலை வீடு, உழவர் குடிசை என்று ஒவ்வொன்றாகப் பொறுப்பேற்று, பழைய முறையிலேயே செப்பனிட்டு, நம்மைப் போன்றவர்களுக்கு நாலு நாள், ஒரு வாரம் என்று வாடகைக்கு விடுகிறார்கள். வாடகைப் பணம் கூரைக்கும் சுவருக்கும் போகிறது. இப்படி இன்று சுமார் இருநூறு கட்டிடங்கள் பிழைத்திருக்கின்றன. ஸ்காட்லாந்தில் அன்னாசிப் பழ வடிவத்தில் கல்லால் கட்டிய ஒரு விசித்திர மண்டபமும் அதில் சேர்த்தி. கூமில் உள்ள குடிசைகள் ஆரம்ப நாளிலேயே அவர்கள் கைக்கு வந்தவை.

அவர்களுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. வீட்டில் டெலிவிஷன் வைக்க மாட்டார்கள். இன்டர்நெட்டும் கிடையாது. பள்ளத்தாக்கில் செல்போன் கோபுரத்தின் கடாட்சமும் இல்லை. இது தெரிய வந்தபோது எங்கள் பேரன் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. "அப்படியானால் இங்கே என்னதான் இருக்கிறது?" என்றான்.

இருந்ததைச் சொல்கிறேன். ஓர் அலமாரி நிறையப் புஸ்தகங்கள். கணப்பு அடுப்பு. கெட்டி அட்டை போட்ட ஒரு குறிப்பு நோட்டு. முன்னால் வந்து தங்கியவர்கள் அதில் எழுதி வைத்துவிட்டுப் போகிறார்கள். ஓடையில் எந்தக் கல்லுக்கு அடியில் விலாங்கு இருக்கிறது, எந்த ஜன்னலுக்கு எதிரே ஆந்தை வரும், எந்த அடுப்பு முரண்டு பிடிக்கும் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. பேரன் முதல் நாள் ராத்திரி அதைப் புரட்டிக்கொண்டே தூங்கிப் போனான். மறு நாள் காலையில் முழங்கால் தண்ணீரில் நின்று கல்லைப் புரட்டிக்கொண்டிருந்தான். விலாங்கு அகப்படவில்லை. செல்போனையும் அவன் கேட்கவில்லை.

எனக்கு வேறு ஒரு விஷயத்தில் கண் போயிற்று. ஜன்னல் திண்டில் உட்கார்ந்தேன். ஒரு மனிதன் சம்மணமிட்டு உட்காரலாம். சுவர் அத்தனை கனம். இரண்டடிக்குக் குறையாது. எந்த மூலையும் கூராக இல்லை. பிள்ளையார் வயிறு மாதிரி எல்லாம் உருண்டை. ஒரு தடவை தடவிப் பார்த்தேன். கல் இல்லை, செங்கல் இல்லை. மண்!

ஆமாம், வாசகர்களே. சீமையிலே, வருஷம் முழுவதும் மழை கொட்டுகிற அட்லாண்டிக் ஓரத்திலே, மண் சுவர் வைத்த வீடு நிற்கிறது. 'காப்' என்று அதற்குப் பெயர். டெவனிலும் கார்ன்வாலிலும் இப்படி ஆயிரக் கணக்கான வீடுகள். களிமண்ணில் வைக்கோலைப் போட்டுத் தண்ணீர் விட்டு மிதிப்பார்கள். ஒரு முழம், ஒன்றரை முழம் உயரத்துக்குச் சுவர் வைப்பார்கள். அது காய்ந்ததும் அதற்கு மேல் அடுத்த வரிசை. படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. மன்னார்குடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் என் பாட்டனார் வீடு கட்டியதும் இதே மாதிரிதானே!

சிரிப்பு மறு நாள் காலை வரைக்கும்தான் இருந்தது.

பக்கத்துக் குடிசைக்கு ஒரு பெரியவர் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார். வாளி, மட்டையான தூரிகை, சாயம் போன தொப்பி. சுண்ணாம்பு வாசனையே நம்மூர்ப் பொங்கலை ஞாபகப்படுத்திற்று. பேச்சுக் கொடுத்தேன். மண் சுவருக்கு என்ன பத்தியம் என்று கேட்டேன்.

"நல்ல தொப்பி, நல்ல பூட்ஸ். இரண்டும் இருந்தால் மண் சுவர் சாகாது" என்றார். அந்தப் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிற வசனமாம். தொப்பி என்றால் சுவரைத் தாண்டி நீண்டிருக்கும் கூரை. பூட்ஸ் என்றால் அடியில் இரண்டடிக் கல் கட்டு.

"சிமெண்டு பூசிவிட்டால் இன்னும் கெட்டியாக இருக்குமே?" என்றேன்.

பெரியவர் தூரிகையை வாளியில் போட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்ப்பது போல ஒரு பார்வை.

"மண் சுவர் மூச்சு விடுகிற வஸ்து. மழையில் கொஞ்சம் நனையும், வெயிலில் உலரும். சுண்ணாம்பு அதற்கு வழி விடும். சிமெண்டு விடாது. சிமெண்டில் ஒரு மயிரிழை வெடிப்பு வந்தால் போதும், தண்ணீர் உள்ளே போய்விடும். வெளியே வர வழி இல்லை. அடிச் சுவரில் போய்த் தங்கும். வெளியே பார்த்தால் புது மாப்பிள்ளை மாதிரி இருக்கும், உள்ளே சேறு. ஒரு நாள் அப்படியே உட்கார்ந்துவிடும். இந்த ஜில்லாவில் எத்தனை வீடு அப்படிப் போயிற்று, தெரியுமா?"

எனக்குத் தெரியும். அந்த ஜில்லாவில் அல்ல.

2011-ல் நான் ரிடயரானேன். கையில் வந்த பணத்தில் அப்பாவின் ஞாபகமாக ஏதாவது செய்ய வேண்டும் என்று ஊர் வீட்டுக்குச் சிமெண்டு பூசினேன். உள்ளும் புறமும். "சுவர் இனி நூறு வருஷம் நிற்கும்" என்று அண்ணனிடம் மார் தட்டினேன். அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் வந்தது. ஓடுகள் பறந்தன. நாலைந்து நாள் கழித்துப் பின்கட்டுச் சுவர் சத்தமில்லாமல் உட்கார்ந்தது. நல்ல காலம், உள்ளே யாரும் இல்லை. அன்று முதல் கஜாவை நான் திட்டாத நாள் இல்லை. பக்கத்து வீட்டிலும் மண் சுவர்தான். அதற்கும் ஓடு போயிற்று. சுவர் மட்டும் நின்றது. அது ஏன் என்று ஒரு நாளாவது நான் யோசித்திருக்கிறேனா?

நாங்கள் லண்டன் புறப்படுவதற்கு முந்தின வாரம் அண்ணன் சொல்லியிருந்தார்: மனைக்கு ஒருவர் நல்ல விலை கேட்கிறார், மிச்சம் இருக்கிற முன்கட்டையும் தட்டிவிட்டுக் கல்யாண மண்டபம் கட்டப் போகிறாராம், மாதக் கடைசிக்குள் பதில் வேண்டும். "சரி" என்று சொல்லத்தான் நான் வாய் திறந்தேன். அதற்குள் விமானத்துக்கு மூட்டை கட்டும் அவசரம் வந்துவிட்டது.

பெரியவருக்கு நன்றி சொல்லிவிட்டு உள்ளே வந்தேன். மறுபடியும் 'ணங்'. இந்தத் தடவை என் மனைவி நிலையைப் பற்றி விசாரிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் காப்பி கலந்து கொண்டுவந்தாள்.

அந்த ஊர் வரைக்கும் போய்விட்டு ஹாக்கர் பாதிரியாரைப் பற்றிச் சொல்லாமல் வந்தால் பாவம் சுற்றிக்கொள்ளும். இந்தக் கூமிலேயே சிலுவை வடிவத்தில் ஜன்னல் வைத்த ஒரு குடிசையில் அவர் வாலிபத்தில் குடியிருந்தார் என்கிறார்கள். முழுப் பெயர் ராபர்ட் ஸ்டீபன் ஹாக்கர். 1803-ல் பிறந்தவர். பத்தொன்பது வயதில் நாற்பத்தொரு வயது அம்மாளைக் கல்யாணம் செய்துகொண்டு, அவள் 1863-ல் கண்ணை மூடும் வரை மனமொத்துக் குடித்தனம் நடத்தினார். அவர் பெயர் போடாமல் வெளியிட்ட ஒரு பாட்டை ஸர் வால்ட்டர் ஸ்காட் போன்ற பெரிய கைகளே பழங்கால நாட்டுப் பாடல் என்று நம்பிவிட்டார்கள். இன்று கார்ன்வால்காரர்களுக்கு அதுதான் தேசிய கீதம் மாதிரி.

மூன்று மைலுக்கு வடக்கே மார்வென்ஸ்டோ என்ற ஊர்க் கோயிலுக்கு 1834-ல் அவர் பாதிரியாராக வந்தார். நூறு வருஷத்துக்கு மேலாக ஊரோடு தங்கியிருக்கும் பாதிரியாரே இல்லாத இடம் அது. வந்தவர் வீடு கட்டினார். புகைக் கூண்டு ஒவ்வொன்றையும் தமக்குப் பழக்கமான ஒவ்வொரு தேவாலயத்தின் கோபுரம் மாதிரி அமைத்தார். அடுப்பங்கரைக் கூண்டு மட்டும் அவருடைய தாயாரின் சமாதி மாதிரி! பேத்தி கீழே நின்றுகொண்டு கூண்டுகளை எண்ணிக்கொண்டே இருந்தாள். கறுப்பு அங்கி பிடிக்காமல் நீலக் கம்பளிச் சட்டையும் முழங்கால் பூட்ஸுமாகத் திரிவாராம். ஞாயிற்றுக்கிழமை எலி பிடித்த குற்றத்துக்காகத் தம் பூனையை மதத்தை விட்டே தள்ளி வைத்தார் என்று கூடக் கதை சொல்கிறார்கள். நான் நம்பவில்லை, பேரன் நம்பினான்.

வேடிக்கை இருக்கட்டும். கோயில் வாசலில் நின்று பார்த்தால் சமுத்திரம் தெரிகிறது. பக்கத்துப் பாறை முகடுகள் நானூறு அடிக்கு மேல் செங்குத்தாக நிற்கின்றன. அடியில் கத்தி முனை மாதிரி கற்கள். பாய்க் கப்பல் காலத்தில் மேல்காற்றில் அகப்பட்ட கப்பலுக்கு அங்கே கதி மோட்சம் கிடையாது. கரை ஒதுங்கிய உடல்களை அந்த நாளில் ஒதுங்கிய இடத்திலேயே மணலைத் தோண்டிப் புதைப்பது வழக்கம். 1808-ல் சட்டம் போட்டார்கள், கோயில் நிலத்தில்தான் அடக்கம் செய்ய வேண்டும் என்று. சட்டம் போட்டவர்களா நானூறு அடி இறங்குவார்கள்? ஹாக்கர் இறங்கினார். புயல் ஓய்ந்ததும் ஊராரைக் கூட்டிக்கொண்டு போவார். அவர்களுக்குத் தைரியம் வர ஜின் வாங்கிக் கொடுத்து, அந்த உடல்களைச் சுமந்து மேலே கொண்டுவரச் செய்வார். ஊர், பேர் தெரியாத மாலுமிகள் நாற்பது பேருக்கு மேல் அந்தக் கோயில் மண்ணில் இருக்கிறார்கள். 1842-ல் 'கலிடோனியா' என்ற ஸ்காட்லாந்துக் கப்பல் உடைந்தது. பிழைத்தவன் ஒருவன்தான். மற்றவர்களின் சமாதிக்கு மேல், கப்பலின் முன் முகப்பில் இருந்த மரப் பெண் சிலையையே கொண்டுவந்து நட்டு வைத்தார். கையில் வாளும் கேடயமுமாக நிற்கிறாள். மழையில் இற்றுப்போன அசல் சிலையைச் செப்பனிட்டு இப்போது கோயிலுக்குள் வைத்திருக்கிறார்கள்; வெளியே நிற்பது அதன் நகல்.

அதற்கு அடுத்த வருஷம், 1843 அக்டோபரில், அறுவடை முடிந்ததும் ஊராரைக் கோயிலுக்கு அழைத்து, புதுக் கோதுமை ரொட்டி படைத்து ஆண்டவனுக்கு நன்றி சொல்லும் விழா ஒன்று நடத்தினார். இன்று இங்கிலாந்து முழுவதும் கோயில்களில் நடக்கும் அறுவடைத் திருநாள் அதிலிருந்து பரவியதுதான். "பொங்கல் என்று சொல்லேன்" என்றாள் என் மனைவி.

வயல்களைத் தாண்டிப் பாறை விளிம்புக்குப் போனோம். உட்காருகிற ஊர் கேட்டவள் எல்லோருக்கும் முன்னால் நடந்தாள். விளிம்புக்குச் சற்றுக் கீழே, படி இறங்கினால், புல் மூடிய ஒரு மரக் குடில். உடைந்த கப்பல்களின் பலகைகளைப் பொறுக்கி ஹாக்கர் தாமே கட்டியது. அங்கே உட்கார்ந்துதான் எழுதுவாராம். கவி டென்னிஸன் 1848-ல் அவரைப் பார்க்க வந்திருக்கிறார். நேஷனல் டிரஸ்டின் சொத்துக்களிலேயே மிகச் சிறியது இதுதான். நாங்கள் ஆறு பேர் உட்கார்ந்ததும் நிரம்பிவிட்டது. பலகையில் ஓர் அங்குலம் பாக்கி இல்லாமல் ஜனங்கள் பெயரைச் செதுக்கியிருக்கிறார்கள். அந்த விஷயத்தில் நமக்கும் அவர்களுக்கும் பேதமே இல்லை.

திரும்பும்போது ஒரு டீக்கடையில் ஸ்கோன் என்ற ரொட்டியும், ஜாமும், கட்டிக் கிரீமும் வாங்கிக் கொடுத்தான் பையன். கார்ன்வாலில் ஜாமை முதலில் தடவி அதன் மேல் கிரீம் வைக்க வேண்டும். டெவனில் கிரீம் முதலில். மாற்றிச் செய்தால் ஜாதிப் பிரஷ்டம். என் மனைவி கிரீமை மட்டும் ஸ்பூனில் எடுத்து வாயில் போட்டுக்கொண்டு யோசித்தாள். "பாலைச் சிறு தீயில் வைத்து ஆறவிட்டு எடுத்த ஏடு. இதற்கா இந்த விலை?" என்றாள். இரண்டு கிண்ணம் சாப்பிட்டாள்.

கடைசி நாள் காலையில் குறிப்பு நோட்டில் நாங்களும் எழுதினோம். பேத்தி இங்கிலீஷில் புகைக் கூண்டுகளைப் பற்றி எழுதினாள். என் மனைவி தமிழில் எழுதினாள்: "இந்த வீட்டில் தயிர் உறைய இரண்டு நாள் ஆகிறது. பாத்திரத்தைக் கணப்பு அடுப்புக்குப் பக்கத்தில் வைக்கவும்." அடுத்து வரும் தமிழருக்கு உபயோகமாக இருக்குமே!

ஓடையைத் தாண்டி மேடேறினோம். பாறை முகட்டுச் சமவெளியில் இங்கிலாந்து சர்க்காரின் ஒட்டுக் கேட்கும் நிலையம் ஒன்று இருக்கிறது. உலகத்துச் சேதிகளையெல்லாம் பிடிப்பதற்காக வானத்தைப் பார்த்து நிற்கும் ராட்சஸ வெள்ளைக் கிண்ணங்கள். அந்த இடம் வந்ததும் செல்போனுக்கு உயிர் வந்தது. வண்டியை நிறுத்தச் சொன்னேன்.

"அண்ணே, நம்ம பக்கத்தில் இப்போது சுண்ணாம்புக் காளவாய் ஏதாவது இருக்கிறதா?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "இதைக் கேட்கவா சீமையிலிருந்து கூப்பிட்டாய்?" என்றார் அண்ணன்.

"முன்கட்டுச் சிமெண்டுப் பூச்சை எடுத்துவிட வேண்டும், அண்ணே. ஒரேயடியாக இல்லை, ஒவ்வொரு பக்கமாக, வெயில் நாளில். அப்புறம் சுண்ணாம்பு. பின்கட்டுச் சுவர் விழுந்தது கஜாவினால் இல்லை. என்னால்."

"எனக்குத் தெரியும்" என்றார் அண்ணன்.

"தெரியுமா? ஏன் சொல்லவில்லை?"

"நீ அத்தனை ஆசையாகப் பூசினாய். என்னத்தைச் சொல்வது?" பிறகு, "முத்துப்பேட்டைப் பக்கம் ஒருத்தன் கிளிஞ்சல் சுடுகிறான் என்று கேள்வி. விசாரிக்கிறேன். மனை கேட்டவனுக்கு என்ன பதில் சொல்ல?" என்றார்.

எனக்குத் தொண்டை அடைத்தது. என் மனைவி போனைப் பிடுங்கிக்கொண்டாள். "அக்காவிடம் கொடுங்கள்" என்றாள். "அக்கா, நாங்கள் தை மாதம் வருகிறோம். முன்கட்டில் ஓர் அறையை மட்டும் ஒழித்து வையுங்கள், போதும்."

வெள்ளைக் கிண்ணங்கள் அசையாமல் நின்றன. மன்னார்குடிச் சமாசாரம் அவற்றின் காதில் விழுந்ததோ என்னவோ. எதிரே அந்தச் சந்து காத்திருந்தது. அதில் ஒரு டிராக்டர் வந்துகொண்டிருந்தது.